செஸ் வகுப்புக்கு இரண்டு மானிட்டரோடு ஒரு டெஸ்க்டாப்: 35,000க்குள் எது வாங்கலாம்?

வெள்ளைக்குதிரை (கும்பகோணம்):

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு வகுப்பு பெருகியது. இப்போது வீட்டுக்கு வரும் பிள்ளைகளைவிட ஜூமில் வருகிறவர்கள்தான் அதிகம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சிலர் சேர்ந்திருக்கிறார்கள்.

எல்லாமே இன்னும் ஒரு 15 அங்குல லேப்டாப்பில்தான் நடக்கிறது. போர்டு, நோட்டேஷன் (நகர்வுகளை எழுதும் குறிப்பு), பிள்ளைகள் முகம், சாட் எல்லாம் ஒரே திரையில் இடிபடுகின்றன. போர்டைப் பெரிதாக்கினால் யார் கை தூக்குகிறார்கள் என்று தெரிவதில்லை. முகங்களைப் பெரிதாக்கினால் போர்டு தீப்பெட்டி அளவுக்குப் போய்விடுகிறது. ஒரு பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்பது முகத்தில்தான் தெரியும். அதை இழந்துவிட்டு வகுப்பு எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் இரண்டு மானிட்டரோடு டெஸ்க்டாப் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஓட வேண்டியவை: ஜூம், கேம்களைச் சேர்த்து வைக்கும் செஸ்பேஸ் மென்பொருள், லிச்செஸ் என்ற இலவசச் செஸ் தளத்தின் ஸ்டடி பக்கம். போட்டிக்குப் போகும் பெரிய பிள்ளைகளுக்காக இரவில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எந்திரத்தை (நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்) ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள், தயாரிப்பேன். யூபிஎஸ் உட்பட 35,000 ரூபாய்க்கு மேல் முடியாது.

இங்கே ஒரு கடையில் கேட்டேன். புது ஐ3 12100எஃப், 8 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஒரே ஒரு வளைவு மானிட்டர், இதுவே பட்ஜெட்டைத் தாண்டுகிறது. "ரெண்டு மானிட்டர்னா கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் மேடம்" என்கிறார். பக்கத்து வீட்டில் மூன்றாம் தலைமுறை ஐ5 பெட்டி ஒன்றை 6,000க்குத் தருகிறேன் என்கிறார்கள். எதை நம்புவது?


ரிச்சித்தெருக்காரன் (சென்னை):

அக்கா, கடைக்காரர் சொன்னது அவர் கொடுக்கிற பிராசஸருக்கு மட்டும்தான் உண்மை. இன்டெல்ல நம்பர் கடைசியில எஃப் இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது. 12100எஃப் வாங்கினா ஒரு மானிட்டர் எரியக்கூட கார்டு வேணும். எஃப் இல்லாத 12100 எடுத்தா மதர்போர்டு பின்னாடி இருக்கிற எச்டிஎம்ஐல ஒண்ணு, டிஸ்ப்ளேபோர்ட்ல ஒண்ணு சொருகிட்டு வேலையப் பார்க்கலாம். ஏஎம்டிலயும் இப்படித்தான். ரைசன் 5600ஜில கிராபிக்ஸ் இருக்கு, வெறும் 5600ல இல்ல.

செஸ் போர்டு, ஜூம், பிரவுசர் இதுக்கெல்லாம் உள்ளிருக்கிற கிராபிக்ஸே தாராளம். கார்டுக்குப் போற காசு உங்க வேலைக்கு ஒரு ரூபா பிரயோஜனம் இல்ல. அதை மானிட்டர்ல போடுங்க.

என் ஓட்டு: கம்பெனிகள்ல லீஸ் முடிஞ்சு வர்ற ரீஃபர்பிஷ்டு பெட்டி. டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் இதுல ஏதாவது ஒண்ணு. ஐ5 8500 (எட்டாம் தலைமுறை), 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, இந்தக் கணக்குல கேளுங்க. எங்க தெருவில 16,000லேர்ந்து 18,000 வரை சொல்றாங்க. ஆறு கோர், உள்ள யூஎச்டி 630 கிராபிக்ஸ், அது மூணு திரை வரை தாங்கும்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழ இறங்காதீங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா இன்டெல்ல எட்டாவதாவது வேணும்.


எந்திரப்பிரியன் (மதுரை):

பக்கத்து வீட்டுப் பெட்டியை வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இது செஸ்காரர்களுக்கே உரிய காரணம் என்பதால் பொதுவான கணினிக் கடைகளில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்டாக்ஃபிஷ் 2020இல், 12ஆம் பதிப்பிலிருந்து, நிலையை எடைபோட ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க்கைப் பயன்படுத்துகிறது. அது கிராபிக்ஸ் கார்டில் ஓடுவதில்லை, பிராசஸரிலேயே ஓடுகிறது. ஒரே நேரத்தில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிட பிராசஸருக்குள் ஏவிஎக்ஸ்2 என்ற வசதி இருந்தால்தான் அது முழு வேகத்தில் போகும். இன்டெல் ஐ வரிசையில் ஏவிஎக்ஸ்2 வந்தது நான்காம் தலைமுறையில், 2013இல். மூன்றாம் தலைமுறை ஐ5இல் கிடையாது. பழைய பிராசஸருக்கென்று தனி ஸ்டாக்ஃபிஷ் ஃபைல் இருக்கிறது, ஓடும், ஆனால் வேகம் நன்றாகவே குறையும்.

இன்னொன்று, பென்டியம் கோல்டு, செலரான் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். ஐ3 விலைக்குப் பக்கத்தில் புதுப் பெட்டியாகவே கிடைக்கும். ஆனால் பத்தாம் தலைமுறை வரை வந்த டெஸ்க்டாப் பென்டியம் கோல்டிலும் ஏவிஎக்ஸ்2 இல்லை. புதுசு என்பதற்காக எந்திரத்துக்கு நல்லது என்று ஆகிவிடாது.

உட்கார்ந்து தயாரிக்கும்போது ஆறு கோரில் ஐந்தை ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடுத்து ஒன்றை மிச்சம் வையுங்கள். 16 ஜிபி ரேமில் 4 ஜிபியை ஹாஷுக்கு (எந்திரம் கணக்கிட்ட நிலைகளை நினைவில் வைக்கும் இடம்) ஒதுக்குங்கள். ஜூம் வகுப்பு நடக்கும்போது இரண்டு கோர் போதும், இல்லாவிட்டால் உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். மூன்று நகர்வுகளைச் சேர்த்துக் காட்டு என்று கேட்டால் ஒவ்வொன்றிலும் ஆழம் குறையும். தயாரிப்புக்கு முதலில் ஒரு நகர்வை மட்டும் கேட்டு ஓடவிட்டுப் பார்த்து, சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் மூன்றாக்குங்கள்.

லீலா என்ற இன்னொரு எந்திரம் இருக்கிறது. அதற்கு மட்டும் கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தயாரிக்க அது அவசியமே இல்லை.


சேலம் கோச்:

நானும் இதே தொழில்தான். பிராசஸர் பற்றி மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்த வாங்கலில் உயிர்நாடி மானிட்டர். அதை யாருமே செஸ் கண்ணோடு பார்க்கவில்லை.

போர்டு சதுரம். அகலத் திரையில் போர்டின் அளவைத் தீர்மானிப்பது உயரம் மட்டும்தான். கடையில் அங்குலம் என்று சொல்வது மூலைவிட்டத்தை. 16:9 விகிதத்தில் 24 அங்குலம் என்று விற்கிற மானிட்டரின் உயரம் ஏறக்குறைய 30 செ.மீ. 21.5 அங்குலம் என்றால் 27 செ.மீ. வளைவுத் திரை, அல்ட்ராவைடு எல்லாம் பக்கவாட்டில்தான் நீளும். போர்டு ஒரு மில்லிமீட்டர் வளராது.

இப்போது பழைய 19 அங்குலச் சதுர மானிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு முன் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் மேசைக்கு மேசை இருந்ததே, அந்த 5:4 விகிதத் திரை. 1280க்கு 1024 புள்ளிகள். அதன் உயரம் 30 செ.மீ. அதாவது புது 24 அங்குலத் திரையில் எவ்வளவு பெரிய போர்டு வருமோ அவ்வளவு பெரிய போர்டு இதிலும் வரும். விலையோ 1,500, 2,000. இதை அளந்து பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. யாராவது சந்தேகப்பட்டால் வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்து கொள்ளலாம்.

அதனால் என் யோசனை: ஒரு புது 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத திரை வகை), அதில் ஜூம் முகங்களும் நோட்டேஷனும் சாட்டும். பக்கத்தில் ஒரு பழைய 19 அங்குலச் சதுரம், அதில் போர்டு மட்டும். கையில் கொஞ்சம் காசு கூட இருந்தால் பழைய 16:10 திரை தேடுங்கள், 1920க்கு 1200 புள்ளிகள். டெல் யூ2412எம் அந்த வகை, ஐபிஎஸ் திரை, உயரம் 32 செ.மீக்கும் மேல். போர்டும் பெரிதாக வரும், பக்கத்திலேயே நோட்டேஷனும் நிற்கும்.

ஒரே மாதிரி இரண்டு மானிட்டர் வாங்கினால்தான் அழகு என்பார்கள். அழகுக்கு யாரும் ஃபீஸ் கொடுப்பதில்லை.


வெள்ளைக்குதிரை:

சேலம் கோச் சார், மிகவும் நன்றி. இதைப் படித்துவிட்டு லேப்டாப் திரையை அளந்தேன். உயரம் 19 செ.மீ.தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டும் போர்டை நான் இவ்வளவு நாளாக எவ்வளவு சின்னதாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் உறைத்தது.

பழைய சதுர மானிட்டரில் விஜிஏ என்ற பழைய இணைப்பு மட்டும்தான் இருக்கும் என்கிறார்களே, எழுத்து மங்கலாகத் தெரியாதா?


சேலம் கோச்:

டிவிஐ என்ற டிஜிட்டல் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், நிறைய 19 அங்குலத் திரைகளில் இரண்டும் உண்டு. பெட்டியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவிஐக்குச் சின்ன அடாப்டர் போட்டால் படம் கத்தி மாதிரி இருக்கும். விஜிஏ மட்டும் என்றால் திரையிலுள்ள ஆட்டோ பட்டனை அழுத்திச் சரிசெய்ய வேண்டும், போர்டுக்கு அது போதும், நோட்டேஷன் எழுத்துக்குத்தான் கண் வலிக்கும். டெல் பி1917எஸ் கிடைத்தால் விடாதீர்கள். 19 அங்குலச் சதுரம், ஐபிஎஸ், எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் உண்டு.


லினக்ஸ்மணி (திருநெல்வேலி):

எட்டாம் தலைமுறைக்குக் கீழ் இறங்காதீங்கன்னு ரிச்சித்தெருக்காரன் சொன்னதை நான் ஏத்துக்க மாட்டேன். நான்காம் தலைமுறை ஐ5 பெட்டி 7,000, 8,000க்குக் கெடைக்கி. ஏவிஎக்ஸ்2 இருக்கு. லினக்ஸ் மின்ட் போட்டா பாதுகாப்பு அப்டேட் வந்துக்கிட்டே இருக்கும். ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கு, லிச்செஸ் பிரவுசர்ல ஓடுது, ஸ்டாக்ஃபிஷ் லினக்ஸ்ல நல்லாவே ஓடும். கேம் சேமிச்சு வைக்க ஸ்கிட் இலவசம். பத்தாயிரம் ரூவா மிச்சம். அந்தக் காசுக்கு ரெண்டு பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரலாம்.


எந்திரப்பிரியன்:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது மணி. புதிதாகத் தொடங்குகிற பயிற்சியாளர் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அவர் செஸ்பேஸில் வருடக்கணக்காகக் கேம் சேர்த்து வைத்திருக்கிறார் என்று தெரிகிறது. செஸ்பேஸ் விண்டோஸுக்கு மட்டும்தான். அதிலுள்ள குறிப்பு, நிறம், அம்புக்குறி எல்லாம் பிஜிஎன்னாக (செஸ் கேம்களுக்கான பொது ஃபைல் வடிவம்) மாற்றும்போது முழுதாக வராது. நான்காம் தலைமுறை ஐ5 நான்கு கோர். ஜூமும் ஸ்டாக்ஃபிஷும் சேர்ந்தால் மூச்சு வாங்கும்.


வெள்ளைக்குதிரை:

ஆமாம், செஸ்பேஸை விட முடியாது. என் குருநாதர் காலத்திலிருந்து வந்த கேம்களும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் மணி சொன்ன வழியை ஒரு மாணவன் வீட்டில் சொல்லப்போகிறேன். அவர்களுக்கு அதுதான் பொருந்தும்.


கோவை சர்வீஸ்:

ஏனுங்க, ரீஃபர்பிஷ்டு வாங்கறதுன்னா கடையிலேயே நின்னு சில சங்கதி பார்த்துப்போடுங்க. வீட்டுக்கு வந்தப்புறம் தெரிஞ்சா அலைச்சல்.

பெட்டியைப் போட்டதும் பயாஸுக்குள்ள (விண்டோஸுக்கு முன்னால வர்ற அடிப்படை செட்டிங்) போகச் சொல்லுங்க. பாஸ்வேர்டு கேட்டா வாங்காதீங்க. கம்பெனி பூட்டின பூட்டு அது, பின்னால ரேம் மாத்தி, டிரைவ் மாத்தி அமைப்பு மாத்தணும்னா கதவு திறக்காது. விண்டோஸ் ஆக்டிவேட் ஆயிருக்கான்னு செட்டிங்ஸ்ல பாருங்க. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள், அதுல எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, ஆரோக்கியம் எத்தனை சதவீதம்னு வந்துரும். "புது எஸ்எஸ்டி"ன்னு சொல்லிப்போட்டு 20,000 மணி நேரம் ஓடினதை மாட்டி வச்சிருப்பாங்க.

உள்ளங்கை அளவு குட்டிப் பெட்டியும் கிடைக்கும், பார்க்க அழகா இருக்கும். உங்களுக்கு வேண்டாம். அதுல வர்றது ஐ5 8500டி, டின்னா 35 வாட் பிராசஸர். ஜூமுக்குச் சரி, ஆனா ஒரு மணி நேரம் எந்திரம் ஓட்டினா வேகத்தைக் குறைச்சுக்கும். எஸ்எஃப்எஃப்னு சொல்ற ஒல்லிப் பெட்டி எடுங்க. 8500க்குப் பின்னால ஒண்ணும் இல்லாம இருக்கணும்.

பின்னால என்னென்ன போர்ட்னு போட்டோ எடுத்துக்குங்க. ஆப்டிப்ளெக்ஸ் 3060 ஒல்லிப் பெட்டியில ஒரு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ. 5060, 7060ல ரெண்டும் டிஸ்ப்ளேபோர்ட். டிஸ்ப்ளேபோர்ட்லேர்ந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்குச் சாதா கேபிளே போதுங்க. அதே கேபிளைத் திருப்பிப் போட்டு, எச்டிஎம்ஐ பெட்டியிலேர்ந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்குக் கொண்டுபோனா படம் வராது. வாரத்துக்கு ஒருத்தராவது "மானிட்டர் போச்சு"ன்னு இதுக்காகவே எங்கிட்ட வர்றாங்க.

இந்தப் பெட்டியில பெரும்பாலும் வைஃபை இருக்காது, கேமராவும் கிடையாது. வைஃபைக்கு மெனக்கெடாம ரூட்டர்லேர்ந்து லேன் கேபிள் இழுத்துருங்க, வகுப்புக்கு அதுதான் உறுதி. கேமராவைவிட நல்ல யூஎஸ்பி ஹெட்செட் முக்கியம். விண்டோஸ் 11ல ஆண்ட்ராய்டு போனையே கேமராவா வச்சுக்கலாம்.

யூபிஎஸ் 600 விஏ போதும். வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க. சைன் வேவ் இல்லாத பழைய இன்வெர்ட்டர் கரண்டை சில யூபிஎஸ் ஏத்துக்காது, பேட்டரியிலயே ஓடித் தீர்ந்துரும்.


ஒரு தகப்பன் (திருச்சி):

பயிற்சியாளர்கள் பேசுகிற இடத்தில் பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இந்த இழையைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் அறையிலும் இரண்டு மானிட்டர் வைக்க நிறையப் பேர் நினைப்பார்கள். படிக்க நல்லதுதான். ஆனால் ஆன்லைன் போட்டி விளையாடும்போது இரண்டாவது திரையின் கேபிளைக் கழற்றி வையுங்கள். கேமரா வைத்து நடத்தும் போட்டிகளில் பக்கத்துத் திரையை நோக்கிக் கண் போனாலே சந்தேகம் வரும். எந்திரம் பார்த்தான் என்று ஒரு முறை கணக்கு மூடப்பட்டால் பிள்ளை மனம் உடைந்து போகும், பார்க்காத பிள்ளையாக இருந்தாலும். ஒவ்வொரு போட்டியின் விதியையும் முதல் நாளே பெரியவர்கள் படித்துவிட வேண்டும்.


வெள்ளைக்குதிரை:

ஐயா, நீங்கள் சொன்னதை இன்றே பெற்றோர் குழுவில் போடுகிறேன். என் வகுப்பிலும் போட்டி நாளில் ஒரே திரை என்று விதி வைக்கப்போகிறேன்.

எல்லாருக்கும் சேதி: வாங்கியாயிற்று. ஆப்டிப்ளெக்ஸ் 5060 ஒல்லிப் பெட்டி, ஐ5 8500, 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஒரு வருட வாரன்டியோடு 17,500. புது 24 அங்குல ஐபிஎஸ் 8,200. பழைய 19 அங்குலச் சதுரம், டிவிஐ உள்ளது, 1,800. யூபிஎஸ் 3,200. ஹெட்செட் 1,500. அடாப்டர், கேபிள் 600. மொத்தம் 32,800. முதலில் காட்டிய பெட்டியில் பயாஸ் பாஸ்வேர்டு கேட்டது. கோவை சர்வீஸ் சொன்னது ஞாபகம் வந்து வேறு பெட்டி எடுக்கச் சொன்னேன்.

வகுப்பு எடுத்துப் பார்த்தேன். போர்டு ஒரு திரை முழுக்க நிற்கிறது, பிள்ளைகள் எல்லாரும் அடுத்த திரையில் தெரிகிறார்கள். கடைசி வரிசையில் பேசாமலே இருக்கும் ஒரு பெண் குழந்தை, நான் சிப்பாயை நகர்த்தியதும் புருவத்தைச் சுருக்கினாள். கூப்பிட்டுக் கேட்டேன். அந்த நகர்வில் யானை மாட்டிக்கொள்வதை அவள் மட்டும் பார்த்திருந்தாள்.

இரண்டு கேள்வி பாக்கி. ஜூமில் ஷேர் செய்தால் சில நேரம் தவறான திரை போய்விடுகிறது. அப்புறம், செஸ்பேஸை 24இலிருந்து 19க்கு இழுத்தால் எழுத்துப் பெரிதாகிவிடுகிறது.


சேலம் கோச்:

திரையை ஷேர் பண்ணாதீர்கள், செஸ்பேஸ் விண்டோவை மட்டும் தேர்ந்தெடுங்கள். எங்கே இழுத்தாலும் அதுதான் போகும். வாட்ஸ்அப் செய்தி குறுக்கே வந்தாலும் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஜூம் செட்டிங்ஸில் இரட்டை மானிட்டர் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுவிட்டால் முகங்கள் தனி விண்டோவாக வந்துவிடும்.

எழுத்து அளவுக்கு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டு மானிட்டருக்கும் ஸ்கேல் 100 என்று வையுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு ஸ்கேல் இருந்தால் இந்தக் குழப்பம் வரும். இரண்டு திரையின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி சதுரத் திரைக்கு அடியில் ஏதாவது வைத்து உயர்த்துங்கள், கழுத்துக்கு நல்லது.


வெள்ளைக்குதிரை:

இரண்டும் சரியாகிவிட்டது சார். கடைசியாக ஒன்று. என்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்) வகுப்புக்கு ஆறு காய் டேபிள்பேஸ், அதாவது ராஜாக்களையும் சேர்த்து ஆறு காய் வரை உள்ள நிலைகளுக்குச் சரியான விடை சொல்லும் தொகுப்பு, இறக்கி வைக்கலாமா? எஸ்எஸ்டியில் இடம் இருக்கிறது.


எந்திரப்பிரியன்:

ஆறு காய் சிசிஜி (பரவலாகப் பயன்படும் டேபிள்பேஸ் வகை) ஃபைல்கள் சுமார் 150 ஜிபி. 512இல் அதைப் போட்டால் செஸ்பேஸ் வளர இடம் குறையும். ஏழு காய் 17 டெராபைட் கிட்ட வரும், அது வீட்டுக் கணினிக்கான சமாசாரமே இல்லை. லிச்செஸ் தளத்திலேயே ஏழு காய் வரை இலவசமாகப் பார்க்கலாம், வகுப்பில் அதையே திறந்து காட்டுங்கள். ஐந்து காய் வரைக்கும் உள்ளது ஏறக்குறைய 1 ஜிபிதான். அதை மட்டும் இறக்கி, செஸ்பேஸ் செட்டிங்கில் எந்த ஃபோல்டர் என்று காட்டிவிடுங்கள். நெட் இல்லாத நேரத்திலும் யானையும் ஒரு சிப்பாயும் எதிரே ஒரு யானையும் உள்ள என்ட்கேமுக்கு விடை கையில் இருக்கும்.